இறம்பொடையில் பறித்த பழம்

நான் முதன்முதலாகத் தின்ற ஸ்ட்ரோபெரி ஓர் அழுகல் பழம். எழுபதுகளின் பிற்பகுதியில் நடந்த சங்கதி அது. இறம்பொடையிலிருந்து லபுக்கலைப் பக்கமாக ஏறிச் செல்லும் வீதியைவிட்டு உள்ளே ஒதுங்கியிருந்த தோட்டமொன்றில், துரை பங்களாவின் பூந்தோட்ட வேலையாளாக என் தந்தையார் இருந்தார். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டு வெள்ளைத் துரைமார் கப்பலேறிவிட்ட போதிலும் பங்களாவின் பழக்கவழக்கங்கள் கப்பலேறவில்லை. ரோஜாப் பாத்திகளுக்குக் கீழே, வைக்கோல் பரப்பிய நான்கு பாத்திகளில் ஸ்ட்ரோபெரி வளர்ந்தது. பழங்கள் எண்ணப்பட்டு உள்ளே போகும். எண்ணிக்கையில் சேராதவை, அதாவது ஒருபுறம் சாம்பல் பூத்தவையும் நத்தை கடித்தவையும், குப்பைக் குழிக்குப் போகும். குழிக்குப் போகும் வழியில் ஒன்றை நான் எடுத்து, கெட்ட பாதியைக் கிள்ளி எறிந்துவிட்டு நல்ல பாதியைத் தின்றேன். லேசான புளிப்பு, அதற்கும் அப்பால் கள்ளின் வாடை போன்ற ஒன்று. ஸ்ட்ரோபெரியின் சுவை அதுதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

தந்தையார் அந்தப் பழங்களைப் பறிக்கும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பனி முழுதாக விலகியிராத காலை வேளையில், செடியின் மேலிருந்த ஈரம் மட்டும் உலரும்வரை பொறுத்திருந்து பறிப்பார். பழத்தின்மீது விரலே படாது. காம்பைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி, பச்சை முடியோடு ஓர் அரை அங்குலக் காம்பும் சேர்ந்து வரும்படி எடுத்து, பன்னை இலை பரப்பிய தட்டையான மூங்கில் தட்டில் ஒற்றை வரிசையாக அடுக்குவார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து நான் பார்த்ததில்லை. தட்டு நிறைந்ததும் வெயிலில் ஒரு நிமிடமும் நில்லாமல் பங்களாவின் பின்புறத்துக் கல் அறைக்குக் கொண்டுபோய்விடுவார். அந்த அறையின் சுவரையொட்டி ஓடைத் தண்ணீர் போகும். நடுப்பகலிலும் உள்ளே கால் சில்லிடும்.

கொழுந்தெடுத்த என் தாயாருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமிருக்கவில்லை. பறித்த கொழுந்தும் உயிருள்ள பொருள்தான். சாக்கில் அமுக்கி அடைத்து வைத்தால் உள்ளுக்குள் சூடேறும். சூடேறிய கொழுந்து சிவந்துபோகும். சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. கூடையில் கொழுந்தை அமுக்கியதற்காக மடுவத்தில் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்காத பெண்கள் எங்கள் லயத்தில் குறைவு. "பறிச்ச பிறகும் அது மூச்சு விடுது" என்று அம்மா சொல்வார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பட்டம் பெற்ற எனக்கு இந்த வாக்கியத்தின் விஞ்ஞானம் விளங்கியது மிகவும் பிந்தித்தான்.

அதற்கு முன்னால் ஒரு விபரீதம் நடந்தது. 1997ஆம் ஆண்டு, கொழும்பில் பத்திரிகையொன்றில் நான் உதவி ஆசிரியனாகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பும்போது, ஆசிரியருக்குக் கொடுத்து நல்ல பெயர் வாங்கலாமென்ற எண்ணத்தில் வீதியோரக் கடையில் ஒரு கிலோ ஸ்ட்ரோபெரி வாங்கினேன். கடைக்காரர் ஒரு பொலித்தீன் பையிலிட்டு இறுக முடிந்து தந்தார். பஸ்ஸில் இருக்கைக்குக் கீழே வைத்தால் மிதிபடும் என்பதற்காக மடியில் வைத்துக்கொண்டேன். புசல்லாவையும் கம்பளையும் கடந்து கண்டியில் பஸ் மாறி, நண்பகல் வெக்கையில் கொழும்பை அணுகியபோது பை கசியத் தொடங்கியிருந்தது. சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். காற்சட்டையின் மடியிலும் சட்டை விளிம்பிலும் சிவப்புக் கறை. கையில் சிவப்பாகச் சொட்டும் பை. அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

துப்பாக்கியைத் தாழ்த்தாமலேயே "மே மொகத?" என்று கேட்டான் இளஞ்சிப்பாய். என் நாவில் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. பையை அவிழ்த்துக் காட்டினேன். ஒரு கிலோ பழம் கூழாகிக் கிடந்தது. அவன் குனிந்து மோந்து பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். வெலிமடைக்காரனாம். "பொலித்தீனில் கட்டினால் அழுகாமல் என்ன செய்யும்? மலைநாட்டு ஆளுக்கு இதுகூடத் தெரியாதா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தான். அந்தச் சிரிப்புக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். ஆசிரியருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை.

இப்போது இந்தப் பழங்களைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பவன் என் அக்காவின் மூத்த மகன். க.பொ.த. உயர்தரம் படித்தவன். தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்ய மறுத்துவிட்டு, நுவரெலியாவுக்குப் போகும் வழியில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பொலித்தீன் கூடாரம் அமைத்து, தும்புத்தூள் நிரப்பிய பைகளில் ஸ்ட்ரோபெரி பயிரிடுகிறான். இருநூறாண்டு காலம் இந்த மலையில் உழைத்த சமூகத்தில் பிறந்தவனுக்குச் சொந்தமாக ஒரு காணித் துண்டு இல்லாததால் குத்தகை. குத்தகைக்காக அக்காவின் சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. ஆகவே, ஒரு பழம் ஏன் கெடுகிறது என்பது எங்கள் வீட்டில் வெறும் அறிவியல் விசாரணை அல்ல.

அவன் சொல்லியும், பின்னர் நானாகத் தேடிப் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நாம் பழமென்று தின்னும் அந்தச் சிவந்த சதை, தாவரவியலின்படி பழமே அல்ல. பூவின் அடித்தளம் ஊதிப் பெருத்துச் சதையாகி நிற்கிறது. அதன்மேல் விதைகள் என்று நாம் நினைக்கும் பொட்டுகள், ஏறக்குறைய இருநூறு, அவைதான் ஒவ்வொன்றும் தனித்தனிப் பழம். மாம்பழத்துக்குத் தோல் இருக்கிறது, தோடைக்குத் தடித்த கவசம் இருக்கிறது. இதற்கோ காற்றுக்கும் சதைக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் மட்டும்தான். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். நீர் நிறைந்த பலூன்களைக் கூடையிலிட்டுக் குலுக்கினால் என்னவாகுமோ அதுதான் இதற்கும் ஆகிறது. ஒரு பழம் நசுங்கிச் சாறு கசிந்தால், அந்தச் சாறே பக்கத்துப் பழத்தைக் கெடுக்கும் பங்கசுக்கு உணவாகிவிடுகிறது.

இன்னொன்று: வாழைக்காயைப் போலவோ மாங்காயைப் போலவோ இதைக் காயாகப் பறித்துப் பழுக்க வைக்க முடியாது. செடியிலிருந்து பிரிந்த கணத்தில் இருந்த இனிப்புத்தான் இறுதி இனிப்பு. பிறகு நிறம் சற்றுக் கூடலாம், இனிப்பு கூடாது. ஆகவே விவசாயி பழுத்ததையே பறித்தாக வேண்டும். பழுத்ததோ பறித்த உடனேயே கீழ்நோக்கிய பயணத்தைத் தொடங்கிவிடுகிறது. அம்மா சொன்ன மூச்சு இதுதான். பறித்த பழம் ஒட்சிசனை எடுத்து, தன் வெல்லத்தைத் தானே எரித்து, வெப்பத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகிறது. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் இந்த மூச்சு இரண்டு மடங்காகவோ மூன்று மடங்காகவோ வேகமெடுக்கும். பூச்சியப் பாகையில் ஒரு வாரம் தாங்கும் பழம், கொழும்பின் வெக்கையில் ஒரு நாளைக்கூட முழுமையாகக் கடக்காது. இறுக முடிந்த பொலித்தீன் பையில் அந்த மூச்சின் வெப்பமும் ஈரமும் வெளியேற வழியில்லை. வெலிமடைச் சிப்பாய் சொன்னது முற்றிலும் சரி.

என்னை மிகவும் வியக்க வைத்தது பூஞ்சணத்தின் கதை. பழத்தில் நாம் காணும் சாம்பல் நிறப் பஞ்சு பொட்ரைட்டிஸ் எனும் பங்கசு. பெட்டியில் வைத்த பிறகு வந்து தொற்றியது என்றுதான் நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது செடியில் பூ மலர்ந்திருந்தபோதே, மழையிலும் பனியிலும் நனைந்த இதழ் வழியாக உள்ளே புகுந்துவிடுகிறது. காய் பச்சையாக இருக்கும்வரை அசையாமல் கிடக்கும். பழம் கனிந்து இனிப்பேறியதும் எழுந்து தன் வேலையைக் காட்டும். ஆகவே கடையில் பளபளவென்று நாம் பொறுக்கியெடுக்கும் பழத்துக்குள், அதன் முடிவு ஏற்கெனவே குடியிருந்திருக்கலாம். மருமகன் பூக்கும் பருவத்தில் கூடாரத்தின் பக்கவாட்டுத் திரைகளைச் சுருட்டிவிட்டுக் காற்றோட்டத்துக்காக அலைவதும், காய்ந்த இதழ்களையும் பழுத்த இலைகளையும் தினமும் பொறுக்கி அப்புறப்படுத்துவதும் இதற்காகத்தான். பறித்த பிறகு செய்யும் வைத்தியத்தைவிட இந்தத் துப்புரவு பெரிது என்பது அவன் கட்சி.

பழத்தைச் சாறாக ஒழுக விடும் மற்றொன்று, பழைய பாணில் கறுப்பாக முளைக்கும் அதே ரைசோபஸ். அது ஐந்து பாகைக்குக் கீழே வளராது. சாம்பல் பூஞ்சணம் அப்படியல்ல, பூச்சியப் பாகையிலும் மெதுவாக ஊர்ந்து வளரும். குளிர் அதைக் கொல்வதில்லை, தாமதப்படுத்துகிறது. மேலை நாடுகளில் பறித்த ஒரு மணித்தியாலத்துக்குள் பழத்தின் ஊடாகக் குளிர்காற்றைச் செலுத்திச் சூட்டை இறக்கிவிடுகிறார்கள். பிறகு முழு அடுக்கையும் உறையிட்டு, உள்ளே காபனீரொட்சைட்டை நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து வரை ஏற்றிப் பங்கசைத் திணறடித்து, நாடு கடந்தும் அனுப்புகிறார்கள். இங்கே என் மருமகனிடம் இருப்பது ஒரு தகரக் கொட்டகை, நனைத்த சாக்கு, அதிகாலைக் குளிர். அவன் காலை ஆறு மணிக்குப் பறிக்கத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்துவிடுகிறான். பறித்த பழம் நேரே விற்பனைப் பெட்டிக்குள்தான் போகிறது; கூடையில் கொட்டி மறுபடி தெரிந்தெடுக்கும் வேலை கிடையாது. ஒரு பழத்தை எத்தனை கைகள் தொடுகின்றனவோ அத்தனை நாள் அதன் ஆயுளில் குறையும் என்கிறான். தாத்தா காம்பைக் கிள்ளிய விதத்தை நான் சொன்னபோது, அவன் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "அத தான் மாமா பயிற்சி வகுப்புலயும் சொன்னாங்க" என்றான். தந்தையாருக்கு வகுப்பு எடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது.

நாம் இன்று தின்னும் ஸ்ட்ரோபெரியே பயணத்தில் பிறந்த பழம் என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். பிரேசியே என்ற பிரெஞ்சுப் படைப் பொறியியலாளர் 1714இல் தென் அமெரிக்காவின் சிலியிலிருந்து பெரிய காய் காய்க்கும் சில செடிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். வட அமெரிக்காவிலிருந்து அதற்கு முன்னரே வந்திருந்த இன்னோர் இனத்தோடு அது ஐரோப்பியத் தோட்டங்களில் தற்செயலாகக் கலந்தது. கலப்பினம்தான் இது என்று 1766இல் எழுதியவர் டுசேன் என்ற இளைஞர். கடல் கடந்து வந்து, இன்னொன்றோடு கலந்து, வேறொரு மண்ணில் ஊன்றிய செடி. எங்கள் மலையில் அது வளர்வதில் பொருத்தமில்லாமலில்லை.

ஆனால் பழத்தின் எதிரி பங்கசு மாத்திரமல்ல. வீதியும் எதிரிதான். நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலத்தை நம்பித்தான் இந்தப் பயிரே நிற்கிறது. மலர்க் கண்காட்சிக்கும் குளிருக்கும் வரும் கூட்டம் வீதியோரத்திலேயே பெட்டி பெட்டியாக வாங்கிவிடும். பழம் நெடுந்தூரம் பயணிக்க வேண்டியதில்லை. 2019இல் அந்த ஏப்ரலின் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. மறுநாளிலிருந்து வீதி வெறிச்சோடியது. 2020 ஏப்ரலில் ஊரடங்கு. 2022இல் டீசல் இல்லை. அந்த ஆண்டில் மருமகன் பழப் பெட்டிகளோடு எரிபொருள் வரிசையில் ஓர் இரவும் ஒரு பகலும் நின்றான். வரிசை நகர்ந்தபோது பெட்டிகளைத் திறந்து பார்க்கவில்லை, மணத்திலேயே தெரிந்துவிட்டது என்றான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்து, கண்டி வீதியும் பல இடங்களில் அறுந்தபோது, பழத்தைப் பற்றிப் பேசவே அவனுக்கு வாய் வரவில்லை. மனிதர்கள் மண்ணுக்கடியில் கிடந்த நாட்கள் அவை. கூடாரத்தின் ஒரு பக்கம் மட்டும் போயிற்று, நாங்கள் தப்பினோம் என்பதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

மரக்கறி, பழங்களைச் சாக்கில் அமுக்காமல் பிளாஸ்டிக் கூடைகளில்தான் ஏற்ற வேண்டுமென்று 2011 இறுதியில் அரசாங்கம் ஒரு விதியைக் கொண்டுவந்ததும், தம்புள்ளை முதலிய சந்தைகளில் வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்து நின்றதும் வாசகர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம். அந்நாட்களில் நான் எழுதிய செய்திகளில் எதிர்ப்பாளர்களின் குரலுக்கே அதிக இடம் கொடுத்தேன். கூடைக்கு யார் பணம் தருவது, வெற்றுக் கூடையைத் திருப்பியனுப்பும் கூலி யாருடையது என்ற அவர்களது கேள்விகள் நியாயமானவை. இன்றும் அவை நியாயமானவையே. ஆனால் சாக்கில் நசுங்கும் கோவாவையும் தக்காளியையும் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எதிர்ப்பு செய்தியாகும், அழுகல் செய்தியாகாது என்று அன்று நினைத்தேன்.

சென்ற ஆண்டு மருமகனுக்கு ஓர் அடி விழுந்தது. விடுதியொன்று வாரந்தோறும் இருபது கிலோ வாங்குவதாக வாய்மொழியில் ஒப்புக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம், பெட்டிகளின் அடியில் சில பழங்கள் ஈரமாயிருப்பதாகச் சொல்லி முழுவதையும் திருப்பியனுப்பிவிட்டார்கள். அவை குளிர் அறையிலிருந்து எடுத்து வெளியே நெடுநேரம் வைக்கப்பட்டிருந்தன என்பதும், குளிர்ந்த பழம் வெதுவெதுப்பான காற்றில் வியர்க்கும் என்பதும், அந்த வியர்வைத் துளியே பூஞ்சணத்துக்கு வாசல் என்பதும் அவனுக்குத் தெரியும். யாரிடம் சொல்வது? இருபது கிலோவும் வீட்டுக்கு வந்தது. அக்கா அன்றிரவு அண்டை வீடுகளிலெல்லாம் பாத்திரம் கடன்வாங்கினார். கெட்டதை நீக்கி, நல்லதை நிறுத்து, ஏறக்குறைய அதே நிறைச் சீனி சேர்த்து, தேசிக்காய்ப் புளியும் பிழிந்து, விடியும்வரை விறகடுப்பில் கிண்டி ஜாமாக்கினார்கள். சீனி நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பங்கசுக்கு அதில் பிழைப்பில்லை. பழமாக விற்றிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தில் பாதிகூட வரவில்லை. ஆனால் குப்பைக் குழிக்கு எதுவும் போகவில்லை. பங்களாக் குழியை எனக்கு முன்னே அறிந்தவர் என் அக்கா.

வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கிச் செல்வோர் என்னிடம் கேட்பதால், மருமகன் சொன்னதையே சொல்கிறேன். வாங்கியதும் கழுவ வேண்டாம். தின்னும் வேளையில் மட்டும் கழுவுங்கள். பச்சை முடியைக் கிள்ளிவிடாதீர்கள், அது காயத்தை மூடிய மூடி. வந்ததும் கொட்டிப் பார்த்து, பூஞ்சணம் கண்டதையும் நசுங்கியதையும் அப்புறப்படுத்துங்கள்; அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்தவற்றை அன்றே தின்றுவிடுங்கள். மற்றவற்றை அகன்ற பாத்திரத்தில் உலர்ந்த கடதாசி விரித்து ஒற்றை அடுக்காகப் பரப்பி, மூடியை இறுக்காமல், குளிர்சாதனப் பெட்டியின் மிகக் குளிர்ந்த தட்டில், உறையாதபடி வையுங்கள். வினாகிரி ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் கலந்து சற்று நேரம் அலசி எடுக்கும் முறையும் உண்டு. மேற்பரப்பிலுள்ள வித்திகள் அதில் குறையும். ஆனால் பிறகு ஒரு துளி ஈரமில்லாமல் உலர்த்தும் பொறுமை இல்லாதவர்கள் அதில் இறங்காமலிருப்பதே நல்லது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நான்கு நாளைக்குமேல் வைக்க வேண்டியிருந்தால் முடியை நீக்கி உறைய வைத்துவிடலாம். உருகும்போது உருவம் குலைந்துபோகும், சாறு பிழிய அது போதும்.

கடந்த மாதம் ஊரிலிருந்து திரும்பியபோது மருமகன் கொழும்பிலிருக்கும் என் மகளுக்காக இரண்டு பெட்டிகள் தந்தான். அதிகாலையில் பறித்து, கொட்டகையில் ஆறவைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டே அடுக்கு, இடையில் கடதாசி, மூடியில் துளைகள். செய்தித்தாளில் சுற்றிய பனிக்கட்டிப் போத்தலொன்றோடு ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, "பஸ்ஸுல கால்மாட்டுல வைக்காதீங்க மாமா, சூடு ஏறும்" என்று சொல்லி ஏற்றிவிட்டான். இறம்பொடை வளைவுகளில் பஸ் ஒடிந்து ஒடிந்து இறங்கியபோது, இடப்புறம் அருவி விழுவதையும் பார்க்காமல் அந்தப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருந்தேன். கடுகண்ணாவைக்குக் கீழே வெக்கை தொடங்கிய இடத்தில் என்னையறியாமல் சட்டை விளிம்பைப் பார்த்துக்கொண்டேன். சோதனைச் சாவடி எதுவும் இப்போதில்லை.

வீட்டில் மகள் பெட்டிகளைத் திறந்து எண்ணினாள். அறுபத்திரண்டு பழங்கள். மூன்று கெட்டிருந்தன. தொலைபேசியில் மருமகனை அழைத்துச் சொன்னேன். அவன் மகிழ்வான் என்று எதிர்பார்த்தேன். சற்று யோசித்துவிட்டு, "மேல் அடுக்கா மாமா, அடி அடுக்கா?" என்று கேட்டான்.

"மூன்றும் அடி அடுக்கு."

"அப்ப பூஞ்சணம் இல்ல, பஸ்தான். அடுத்த தடவ ஒரே அடுக்கா வச்சுத் தாரேன்" என்றான்.